ஒரு வரி மாற்றினால் பத்து நிமிடம்: பில்டு, டீபக் தாமதம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பர்கூரிலும் செட்டிக்கரையிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு, ஓசூரிலோ எலக்ட்ரானிக் சிட்டியிலோ பெரிய ப்ராஜெக்டில் சேரும் தம்பி, தங்கைகள் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. கோடு எழுதத் தெரிந்தவர்கள்தான். ஆனால் பில்டு (எழுதிய கோடை ஓடக்கூடிய புரோகிராமாகக் கட்டும் வேலை) ஓடி முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, வேலை தள்ளிப்போகிறது, “நான்தான் மெதுவோ” என்று மனசு உடைந்து போகிறார்கள். அப்படி யாரும் உடையக் கூடாது என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். வங்கி, காப்பீடு, ஈஆர்பி வேலைகளில் நம் பக்கத்துப் பிள்ளைகள் அதிகம் தொடுவது ஜாவா என்பதால், அதைப் பற்றியே அதிகம் இருக்கும்.

அண்ணா, ஒரு வரி மாத்தினா பத்து நிமிஷம் காத்திருக்கணும். எல்லா கம்பெனியிலும் இப்படித்தானா?

நிறைய இடங்களில் இப்படித்தான். பெரிய இடங்களும் தப்பவில்லை. 2007-இல் கூகுளில் ஒரு பெரிய சி++ புரோகிராமை பில்டு செய்ய 45 நிமிடம் ஆனது. வேலையைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுத்து ஓட்டியும் அவ்வளவு நேரம். அந்தக் காலத்துக் காத்திருப்பில்தான் ராபர்ட் கிரீஸெமர், ராப் பைக், கென் தாம்சன் மூவரும் கோ மொழியைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். 2009 நவம்பரில் அது வெளியுலகுக்கு வந்தது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, கூகுளின் பில்டு எஞ்சினியர்கள் அதை அளந்து பார்த்தார்கள் என்பதை. அந்த புரோகிராமின் சோர்ஸ் கோடு மொத்தமே 4.2 மெகாபைட். ஹெட்டர் ஃபைல்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு விரிந்ததில், கம்பைலர் (கோடைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் டூல்) படிக்க வேண்டியிருந்தது 8 ஜிகாபைட்டுக்கும் மேல். ஏறக்குறைய 2000 மடங்கு. “ப்ராஜெக்ட் பெரிசு, அதனால மெதுவா இருக்கு” என்று விட்டிருந்தால் இந்த எண் யார் கண்ணிலும் பட்டிருக்காது. தாமதத்துக்கு ஒரு காரணம் இருக்கும். தேடினால் அது கிடைக்கும்.

அப்போ ஜாவா கம்பைலரும் அவ்வளவு மெதுவா?

இல்லை. ஜாவா கம்பைலர் வேகமானது. ஆயிரக்கணக்கான வரிகளை நொடிகளில் முடித்துவிடும்.

“கம்பைல் ஆகுது” என்று நாம் சொல்லும்போது அதற்குள் எத்தனை வேலை நடக்கிறது என்று பாருங்கள். வெளி லைப்ரரிகளைத் தேடி எடுக்கிறது. எக்ஸ்எம்எல் ஸ்கீமாவிலிருந்து கோடு உருவாக்குகிறது. லாம்பாக், மேப்ஸ்ட்ரக்ட் போன்ற அனோட்டேஷன் பிராசசர்கள் ஓடுகின்றன. பிறகுதான் கம்பைல். அதன்பின் யூனிட் டெஸ்ட், ஸ்டைல் சோதனை, ஜார் கட்டுவது, அதை வார் ஃபைலுக்குள் வைப்பது, டாக்கர் இமேஜ், சர்வரை நிறுத்தித் திரும்பக் கிளப்புவது. பத்து நிமிடத்தில் கம்பைலரின் பங்கு அரை நிமிடமாகக்கூட இருக்கலாம். கம்பைலரைத் திட்டுவதால் மீதி ஒன்பதரை நிமிடம் குறையாது.

நேரம் எங்கே போகுதுன்னு எப்படிப் பார்க்கிறது?

மேவன் என்ற ஜாவா பில்டு டூலில் பல மாட்யூல்கள் (ப்ராஜெக்டின் தனித்தனிப் பகுதிகள்) உள்ள பில்டு முடிந்ததும், கடைசியில் ஒரு சுருக்கப் பட்டியல் வரும். எந்த மாட்யூலுக்கு எத்தனை நொடி என்று அதில் எழுதியிருக்கும். தினமும் கண் முன்னால் வருவதுதான். ‘சக்ஸஸ்’ என்ற சொல்லைப் பார்த்ததும் விண்டோவை மூடிவிடுகிறோம். ஒரு நாள் அதை காப்பி செய்து, பெரிய எண் மேலே வருகிற மாதிரி அடுக்கிப் பாருங்கள். இன்னொரு பில்டு டூலான கிரேடிலில் ‘புரொஃபைல்’ என்று கேட்டால் ஒவ்வொரு டாஸ்க்குக்கும் ஆன நேரத்தை ஒரு ஹெச்டிஎம்எல் பக்கமாகவே கொடுக்கும்.

கூடவே டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சிபியு நூறு சதவீதத்தில் இருந்தால் கணினி உண்மையிலேயே உழைக்கிறது. சிபியு சும்மா இருக்க, பில்டு மட்டும் நகராமல் நின்றால் அது எதற்கோ காத்திருக்கிறது. காத்திருப்பது பெரும்பாலும் நெட்வொர்க்குக்காகவோ டிஸ்க்குக்காகவோ இருக்கும்.

பாலக்கோட்டிலிருந்து வேலை செய்யும் ஒரு தங்கையின் பில்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். லாக் மளமளவென்று ஓடிக்கொண்டே வந்து, ‘டவுன்லோடிங்’ என்று தொடங்கும் ஒரு வரியில் அப்படியே நின்றது. சிபியு அசையவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அடுத்த வரி; அடுத்த மாட்யூலில் திரும்ப அதே நிறுத்தம். அந்த வரியில் இருந்த முகவரி, லைப்ரரிகளை வைத்திருந்து, கம்பெனி எப்போதோ மூடிவிட்ட பழைய ரெப்பாசிட்டரி சர்வர். செட்டிங்ஸ் ஃபைலில் யாரும் அதை நீக்கவில்லை. ஒவ்வொரு மாட்யூலும் அந்தக் கதவைத் தட்டி, பதில் வராமல், நேரம் கடந்தபின் அடுத்த சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தது. சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பெண் பொறுத்துக்கொண்டிருந்ததில் பெரும்பகுதி இதுதான். ஒரு வரியை நீக்கினோம், அந்த நிறுத்தம் போய்விட்டது.

எப்பவும் ‘கிளீன் இன்ஸ்டால்’தான் போடச் சொல்லியிருக்காங்க. தப்பா?

இந்தப் பழக்கம்தான் என்னை அதிகம் வருத்துவது. ஒரே ஒரு ஓடு உடைந்ததற்காகக் கூரை முழுவதையும் பிரித்து மேய்கிற வேலை அது. ‘கிளீன்’ என்றால் நேற்றுவரை கம்பைல் செய்து வைத்ததை எல்லாம் அழிப்பது. டூலுக்கு வேறு வழியே இல்லை, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும்.

பிராஞ்ச் மாற்றும்போதும், உருவாக்கப்பட்ட கோடு குழம்பிப் போகும்போதும் ‘கிளீன்’ தேவை. மற்ற நேரத்தில் அதை விட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். நீங்கள் தொட்டது ஒரு மாட்யூலை என்றால், அந்த மாட்யூலின் பெயரைச் சொல்லி, அது நம்பியிருக்கும் மாட்யூல்களை மட்டும் சேர்த்துக் கட்டச் சொல்லலாம். பில்டு பாதியில் உடைந்தால், விட்ட இடத்திலிருந்து தொடரும் கட்டளையை மேவனே கடைசி வரிகளில் எழுதிக் காட்டுகிறது; பலர் அதைப் படிக்காமல் முதலிலிருந்து ஓட்டுகிறார்கள். ஒன்றையொன்று சாராத மாட்யூல்களை, சிபியு கோர் ஒன்றுக்கு ஒரு த்ரெட் (தனியாக ஓடும் வேலை இழை) என்று இணையாக ஓட்டும் வசதியும் உண்டு. ஆனால் ஒரே போர்ட்டையோ ஒரே டெம்ப் ஃபைலையோ பிடித்துக்கொண்டு சண்டை போடும் டெஸ்ட்கள் அதில் உடையும். அது வெளிப்பட்டால் நல்லதுதான், அந்த டெஸ்டைச் சரி செய்யுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மேவனின் கம்பைலர் பிளகின் மாற்றம் எதையாவது கண்டால் பொதுவாக அந்த மாட்யூல் முழுவதையும் திரும்பக் கம்பைல் செய்யும். அதனால் ‘காமன்’ என்று பெயர் வைத்து எல்லாவற்றையும் கொட்டி வைத்திருக்கும் மாட்யூல் இருக்கிறதே, அதில் கை வைத்தால் எல்லாமே ஓடும். கிரேடில் கிளாஸ் அளவில் கணக்கு வைத்துக்கொள்ளும், பின்னணியில் ஒரு டீமனும் (பில்டு முடிந்தாலும் மூடாமல் காத்திருக்கும் புரோகிராம்) தயாராக நிற்கும். மேவனுக்கும் அதே மாதிரி ஒரு டீமன் தனியாகக் கிடைக்கிறது. டூலை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இருக்காது. டீமன் போட்டுக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள்.

டெஸ்டை ஸ்கிப் பண்ணலாமா?

உங்கள் கணினியில், நடுவழியில், பண்ணலாம். புஷ் செய்வதற்கு முன் கூடாது. மேவனில் ஸ்கிப் செய்ய இரண்டு விதம் உண்டு. ஒன்று டெஸ்டை ஓட்டாது, ஆனால் கம்பைல் செய்யும். இன்னொன்று கம்பைல்கூடச் செய்யாது. எதைப் போடுகிறோம் என்று தெரிந்து போடுங்கள்.

டெஸ்ட் ஏன் மெதுவாக ஓடுகிறது என்பதையும் பாருங்கள். ஸ்பிரிங் என்ற ஜாவா கட்டமைப்பின் டெஸ்டுகளில் அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் (அப்ளிகேஷனின் பாகங்களைச் சேர்த்து வைத்திருப்பது) ஒரு முறை கிளம்பினால், அதே அமைப்பு உள்ள மற்ற டெஸ்டுகளுக்கும் அதையே பயன்படுத்தும். ஒவ்வொரு டெஸ்ட் கிளாஸிலும் வேறு வேறு மாக் பீன் (நிஜப் பாகத்துக்குப் பதில் வைக்கும் போலிப் பாகம்) வைத்தால் ஒவ்வொன்றுக்கும் புதிய கான்டெக்ஸ்ட். ‘டர்ட்டிஸ் கான்டெக்ஸ்ட்’ என்று மேலே எழுதிவிட்டால் இருப்பதையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாகக் கிளப்பும். டெஸ்ட் லாக்கில் ஸ்பிரிங்கின் பேனர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள். அத்தனை முறை உங்கள் அப்ளிகேஷன் புதிதாகக் கிளம்பியிருக்கிறது.

8 ஜிபி லேப்டாப்தான் கொடுத்திருக்காங்க. என்ன பண்றது?

ஐடிஇ, டாக்கர், பிரவுசர், மீட்டிங் ஆப் நான்கும் சேர்ந்தாலே 8 ஜிபி நிரம்பிவிடும். பிறகு கணினி மெமரிக்குப் பதில் டிஸ்க்கைப் பயன்படுத்தத் தொடங்கும். அதற்குமேல் எந்த டிப்ஸும் உதவாது. கூடுதல் ரேம் கேளுங்கள். எப்படிக் கேட்பது என்று கீழே சொல்கிறேன்.

ரேம் வரும்வரை ஒன்று பார்க்கலாம். பில்டு என்பது ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களை எழுதுவதும் படிப்பதும். விண்டோஸில் ஆன்டிவைரஸ் அவை ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கும். ப்ராஜெக்ட் ஃபோல்டரையும் மேவன் லைப்ரரி ஃபோல்டரையும் அந்தச் சோதனையிலிருந்து விலக்க முடியுமா என்று ஐடி டீமிடம் டிக்கெட் போட்டுக் கேளுங்கள். நீங்களாக அணைக்க வேண்டாம், அது பாதுகாப்பு விஷயம். முழுதாக விலக்க அவர்கள் தயங்கினால் டெவ் டிரைவ் பற்றிச் சொல்லுங்கள். விண்டோஸ் 11-இல் 2023-லிருந்து இருக்கிறது, குறைந்தது 50 ஜிபி இடம் வேண்டும். அதில் டிஃபெண்டர், ஃபைல் திறக்கும் நேரத்தில் வேலையை நிறுத்தாமல் பிறகு சோதிக்கும். விண்டோஸுக்குள் லினக்ஸ் வைத்து வேலை செய்பவர்கள் கோடை லினக்ஸ் பக்கத்து ஃபோல்டரிலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்துவிட்டு லினக்ஸிலிருந்து எட்டிப் பிடித்தால் ஒவ்வொரு ஃபைலுக்கும் தாமதம்.

ஊர்ல இருந்து வேலை பார்க்கிறேன். விபிஎன் மெதுவா இருக்கு, கரண்டும் போகுது. பில்டு பாதியில நிக்குது.

பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என்று எல்லாப் பக்கமிருந்தும் இது வருகிறது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது; அன்றைக்குப் பெரிய பில்டு வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். கோடை மழை இடியோடு வரும் சாயங்காலம்தான் சொல்லாமல் போகும். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கு இல்லை. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், அல்லது அதற்கென்று விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள்.

கம்பெனியின் லினக்ஸ் மெஷினில் லாகின் செய்து பில்டு ஓட்டுபவர்கள் டிமக்ஸ் உள்ளே ஓட்டுங்கள். உங்கள் இணைப்பு அறுந்தாலும் அங்கே பில்டு ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப லாகின் செய்து விட்ட இடத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

விபிஎன்னில் பிரச்சினை பெரும்பாலும் வேகம் அல்ல, ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வந்து சேர ஆகும் நேரம். ஸ்னாப்ஷாட் (இன்னும் இறுதியாகாத) லைப்ரரிகளுக்குப் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று மேவன் இயல்பாக நாளுக்கு ஒருமுறை கேட்கும். சில கம்பெனிகளில் ஒவ்வொரு பில்டிலும் கேட்கும்படி அமைத்திருப்பார்கள். 400 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 150 மில்லி நொடி என்று வைத்தால் சும்மா கேட்டு வருவதற்கே ஒரு நிமிடம். காலையில் ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கிக்கொண்டு, பிறகு நாள் முழுக்க ஆஃப்லைன் முறையில் ஓட்டுங்கள்.

டீபகரில் போட்டா அப்ளிகேஷன் நகரவே மாட்டேங்குது. ஏன்?

முதலில் பிரேக்பாயிண்ட் (டீபகர் புரோகிராமை நிறுத்தும் இடம்) பட்டியலைத் திறந்து பாருங்கள். மெதட்டின் பெயர் உள்ள வரியிலேயே பிரேக்பாயிண்ட் வைத்திருக்கிறீர்களா? அது மெதட் பிரேக்பாயிண்ட். மெதட்டுக்குள் நுழைவதையும் வெளியேறுவதையும் ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் எஞ்சின்) கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்ளிகேஷன் தவழும். அதை எடுத்துவிட்டு, உள்ளே முதல் வரியில் வையுங்கள். லட்சம் முறை சுற்றும் லூப்புக்குள் கண்டிஷன் வைத்த பிரேக்பாயிண்ட்டும் அப்படித்தான். அந்த இடத்தில் கோடிலேயே தற்காலிகமாக ஒரு ‘இஃப்’ எழுதி, அதற்குள் சாதாரண பிரேக்பாயிண்ட் வைத்தால் பறக்கும்.

அடுத்தது வேரியபிள் பட்டியல். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் டீபகர் ஆப்ஜெக்ட்டுகளின் ‘டூ ஸ்ட்ரிங்’ மெதட்டை அழைக்கலாம். ஹைபர்னேட் என்டிட்டி (டேட்டாபேஸ் தகவலை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) என்றால் அந்த அழைப்பே டேட்டாபேஸுக்கு குவெரி அனுப்பிவிடலாம். பார்ப்பதற்காக நின்ற இடத்தில், பார்த்ததாலேயே ஆப்ஜெக்ட்டின் நிலை மாறிப்போகும். அந்த வசதியை அணைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் நீங்களே திறந்து பாருங்கள்.

கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டீஸில் ஓடும் சர்வீஸை ரிமோட்டாக டீபக் செய்பவர்களுக்கு இன்னொரு தலைவலி. பிரேக்பாயிண்ட்டில் நின்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இணைப்பு அறுந்துபோகும். அப்ளிகேஷன் கிராஷ் ஆனதாக நினைத்து வேறு எங்கோ தேடுவார்கள். நடந்தது என்னவென்றால், லைவ்னஸ் ப்ரோப் 10 நொடிக்கு ஒருமுறை “உயிரோடு இருக்கிறாயா” என்று கேட்கிறது. எல்லா த்ரெட்டும் நின்றிருப்பதால் பதில் போகாது. தொடர்ந்து 3 முறை பதில் இல்லையென்றால் கன்டெய்னரை ரீஸ்டார்ட் செய்துவிடும். இவை யாரும் மாற்றாதபோது இருக்கும் அளவுகள். ஆக உங்களுக்கு யோசிக்கக் கிடைப்பது சுமார் அரை நிமிடம்தான். டெவ் சூழலில் அந்த ப்ரோபைத் தளர்த்தச் சொல்லுங்கள். அல்லது பிரேக்பாயிண்ட்டை, எல்லா த்ரெட்டையும் நிறுத்தாமல் அந்த ஒரு த்ரெட்டை மட்டும் நிறுத்தும்படி மாற்றுங்கள். ப்ரோபுக்கு வேறு த்ரெட் பதில் சொல்லிக்கொள்ளும்.

டிரான்ஸாக்ஷன் நடுவில் நிற்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். டீம் முழுக்க ஒரே டெவ் டேட்டாபேஸ் என்றால், நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் உங்கள் டிரான்ஸாக்ஷன் போட்டு வைத்த பூட்டில் மாட்டி இன்னொருவர் தவித்துக்கொண்டிருப்பார்.

கோடை மாத்தினா ரீஸ்டார்ட் இல்லாம எடுத்துக்காதா?

எடுத்துக்கொள்ளும், ஓர் எல்லைக்குள். சாதாரண ஜேவிஎம்மில் டீபகர் வழியாக மெதட்டின் உள்ளே இருக்கும் வரிகளை ஓடும்போதே மாற்றலாம். புதிய மெதட்டோ புதிய ஃபீல்டோ சேர்த்தால் ரீஸ்டார்ட்தான்.

லாக் போட்டுப் பார்த்தா சீனியர்கள் ஒரு மாதிரி பார்க்கிறாங்க. டீபகர்தான் சரியான வழியா?

பிழையைக் கண்டுபிடிக்கும் வழி எதுவோ அதுதான் சரியான வழி. நேரம் சார்ந்த பிழைகள், இரண்டு த்ரெட்டுகள் மோதுவதால் வருபவை, டீபகர் போட்டால் மறைந்தே போகும். அங்கே லாக்தான் பேசும். ஆனால் லாக் வரி சேர்க்க ஒவ்வொரு முறையும் பத்து நிமிட பில்டு என்றால் அது வதை. நிறுத்தாமல் மதிப்பை மட்டும் அச்சிடும் பிரேக்பாயிண்ட் எல்லா நல்ல ஐடிஇயிலும் உண்டு. கோடைத் தொடாமல், பில்டு இல்லாமல் லாக் கிடைக்கும். அப்ளிகேஷன் உறைந்து நின்றால் த்ரெட் டம்ப் எடுங்கள். சில நொடி இடைவெளியில் இரண்டு மூன்று எடுத்து ஒப்பிட்டால், எந்த த்ரெட் எந்த வரியில் அப்படியே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

“போன மாசம் வேலை செஞ்சது” வகைப் பிழைக்கு, கோடின் ஒவ்வொரு மாற்றத்தையும் (கமிட்) குறித்து வைக்கும் கிட்டின் ‘பைசெக்ட்’ இருக்கிறது. பாதிப் பாதியாகப் பிரித்துத் தேடுவதால் 1000 கமிட்டுகளுக்குப் பத்து சோதனை போதும். பில்டு பத்து நிமிடம் என்றால் பத்து சோதனைக்கு ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள். பில்டு ஒரு நிமிடம் என்றால் டீ ஆறுவதற்குள் குற்றவாளி கமிட் கையில் இருக்கும்.

எங்க டீம் சி++.

ஓசூர் பக்கம் வாகன மென்பொருளில் இருப்பவர்கள் இதைக் கேட்கிறார்கள். ஹெட்டருக்குள் ஹெட்டர் இழுப்பதைக் குறையுங்கள். பாயிண்டர் மட்டும் போதும் என்ற இடத்தில் முன்னறிவிப்பே (ஃபார்வர்டு டிக்ளரேஷன்) போதும். சிகேஷ் (முன்பு கம்பைல் செய்ததைச் சேமித்து வைத்துத் திரும்பத் தரும் டூல்) போடுங்கள். கிளாங் இருந்தால் 2019-இல் வந்த 9-ஆம் பதிப்பிலிருந்து ‘டைம் டிரேஸ்’ உண்டு, எந்த ஹெட்டர் எவ்வளவு நேரம் தின்கிறது என்று படமாகவே காட்டும். கடைசி லிங்க் மட்டும் நேரம் பிடித்தால் லினக்ஸில் எல்எல்டி அல்லது மோல்ட் லிங்கரை முயற்சி செய்யுங்கள்.

டைப்ஸ்கிரிப்ட்?

2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரை கோ மொழியில் மாற்றி எழுதுவதாக அறிவித்தது. 15 லட்சம் வரிகள் உள்ள விஷுவல் ஸ்டுடியோ கோடின் சோர்ஸைச் சோதிக்க 77.8 நொடி ஆனது, அவர்கள் காட்டிய அளவில் 7.5 நொடிக்கு இறங்கியது. அறிவித்தவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். 1983-இல் வந்த டர்போ பாஸ்கல் கம்பைலரை எழுதியவரும் அவரே. அன்றைக்கு அது பேர் வாங்கியதே கம்பைல் வேகத்துக்காக. நீங்கள் உடனே செய்யக்கூடியது: மாறியதை மட்டும் திரும்பச் சோதிக்கும் ‘இன்கிரிமென்டல்’ அமைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள்.

மேனேஜர்கிட்ட இதை எப்படிச் சொல்றது? “எல்லாரும் இதே பில்டுலதான வேலை பார்க்கிறாங்க”ன்னு சொல்றார்.

“மெதுவா இருக்கு சார்” என்று சொன்னால் அது புகார். எண்ணோடு போங்கள். ஒரு பில்டு 9 நிமிடம், ஒருவர் நாளுக்கு 8 முறை, டீமில் 25 பேர் என்று வையுங்கள். 1800 நிமிடம். தினமும் 30 மணி நேரம், அதாவது ஏறக்குறைய நான்கு பேரின் முழு நாள் சம்பளம். இதை 6 நிமிடமாக்கினால் நாளுக்கு 10 மணி நேரம் மிச்சம். ரேம் விலையைப் பக்கத்தில் எழுதி வையுங்கள். உங்கள் டீமின் உண்மையான எண்களைப் போடுங்கள், ஒரு வாரம் குறித்தால் போதும்.

அந்தக் கணக்கில் வராத ஒன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் பெரிது. கிருஷ்ணகிரியிலிருந்து விடிகாலை பஸ் ஏறி, ஓசூர் தாண்டி, அத்திப்பள்ளி நெரிசலில் நின்று ஆபீஸ் போகிற பிள்ளைக்கு, சாயங்காலம் கடைசியாக ஒரு பில்டு உடைந்தால் ஆபீஸ் கேப் போய்விடும். வீடு சேர ராத்திரி பத்தைத் தாண்டும். அதற்குப் பயந்து நாலு மணிக்கு மேல் எதையும் மாற்றிப் பார்ப்பதில்லை என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள். “இப்படி மாத்தினா என்ன ஆகும்” என்று ஒரு நாளைக்கு இருபது முறை கேட்டுப் பார்க்கிறவர்தான் மூன்று வருடத்தில் நல்ல எஞ்சினியர் ஆகிறார். பில்டு பத்து நிமிடம் என்றால் அந்தக் கேள்வியை அவர் கேட்காமலே விட்டுவிடுகிறார். டீம் லீடாக இருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் புது ஆட்களின் பில்டை ஒரு முறை அவர்கள் லேப்டாப்பில், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து முழுதாக ஓடவிட்டுப் பாருங்கள். உங்கள் மெஷினில் வேகமாக ஓடுவது கணக்கில் சேராது.

புதுசா சேர்ந்தவன், பில்டு ஃபைலைத் தொடலாமா?

தொடலாம். தனி பிராஞ்சில், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மாற்றத்துக்கு முன்பு மூன்று முறை, பின்பு மூன்று முறை ஓட்டி நேரத்தைக் குறியுங்கள்; முதல் ஓட்டத்தில் டிஸ்க் கேஷ் சூடேறியிருக்காது என்பதால் அதைத் தனியாக வையுங்கள். இரண்டு எண்களையும் புல் ரெக்வெஸ்டின் முதல் வரியிலேயே எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லும் சீனியர், காரணத்தையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காரணம் கிடைத்தாலும் உங்களுக்கு லாபம்தான், அந்த ப்ராஜெக்டைப் பற்றி எந்த டாக்குமென்டிலும் இல்லாத ஒன்று தெரியவரும்.